பெண்களுக்கான ஊட்டச்சத்துத் திட்டங்களில் சமூக அடையாளத்துக்கு என்ன வேலை?
ஒரே சத்துணவு, ஒரே மாத்திரை; ஒரு குழுவில் பலன் தருவது இன்னொன்றில் ஏன் தருவதில்லை என்பது கேள்வி. 1979இல் உளவியலாளர்கள் தாஜ்ஃபெலும் டர்னரும் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு இங்கே உதவும்: நான் யாரைச் சேர்ந்தவள் என்ற எண்ணமே யார் பேச்சைக் கேட்பது என்பதையும் முடிவு செய்கிறது.

கர்ப்பிணிகள் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை எடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வெளியாள் சொன்னால் தலையாட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காரும் தோழி, "எனக்கும் குமட்டியது, சாப்பிட்ட பிறகு போட்டேன், சரியாகிவிட்டது" என்றால் விழுங்குவார்கள். ஆனால் இப்படிப் பெண்கள் கூடிப் பேசும் குழுவுக்கு 'தாய்மார் கூட்டம்' என்று பெயர் வைத்தால், குழந்தை இல்லாதவர் வாசலோடு திரும்பிவிடுவார். இரத்தசோகை அவருக்கும் வரும். அப்புறம், கடைசியில் சாப்பிடுபவளே நல்ல மருமகள் என்று நினைக்கும் வீடுகளில் மாமியாரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.