மாநிலங்களவையில் அண்ணா: கேள்விகளும் பதில்களும்

அண்ணா 1962 முதல் 1967 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அவருடைய மேடைப்பேச்சு எல்லோருக்கும் மனப்பாடம். டெல்லியில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து என்ன பேசினார் என்று கேட்டால் பலரும் ஒரு மேற்கோளோடு நின்றுவிடுகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தேர்தலில் தோற்றதால்தானே அண்ணா மாநிலங்களவைக்குப் போனார்? இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிலருக்குக் கோபம் வருகிறது.

கோபப்பட என்ன இருக்கிறது? 1962 சட்டமன்றத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸின் நடேச முதலியாரிடம் தோற்றார். அதே தேர்தலில் தி.மு.க. 50 சட்டமன்ற இடங்களையும் 7 மக்களவை இடங்களையும் பிடித்தது. 1957இல் மக்களவையில் கிடைத்தது வெறும் 2. தலைவர் தோற்று, கட்சி வளர்ந்த தேர்தல் அது. அந்த 50 பேரின் பலத்தில்தான் மாநிலங்களவை இடம் கிடைத்தது. கீழவையில் நாஞ்சில் மனோகரன், இரா. செழியன் போன்றவர்கள், மேலவையில் அண்ணா. அதே ஆண்டு பல்ராம்பூரில் தோற்ற வாஜ்பாயும் மாநிலங்களவை வழியாகத்தான் டெல்லிக்குத் திரும்பினார். இரண்டு பேரும் ஒரே அவையில் எதிர்க்கட்சி வரிசை.

கேள்வி: மாநிலங்களவையில் பேசிய முதல் பேச்சில், தென் மாநிலங்கள் சேர்ந்த தனித் 'திராவிட நாடு' என்ற பிரிவினையை நேரடியாகக் கேட்டாரா, சுற்றிவளைத்தா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நேரடியாகத்தான். 1962 மே 1, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதம். எந்தத் துறையையும் தொட்டுப் பேச இடம் தரும் விவாதம் அது. புதிதாக வந்த உறுப்பினர் தன் மாவட்டத்து ரயில் பாதையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அண்ணா, தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுவதாகச் சொன்னார். அதற்காக வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ எதிரானவன் அல்ல என்று அடுத்த மூச்சிலேயே சேர்த்தார். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் ஒரு வரியையும் துணைக்கு அழைத்தார். திராவிடர்களிடம் இந்த நாட்டுக்குத் தர உறுதியான, தனித்தன்மையுள்ள ஒன்று இருக்கிறது, அதனால்தான் சுயநிர்ணய உரிமை கேட்கிறோம் என்றார்.

அந்த வாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 'உங்களோடு இருக்க முடியாது' என்று தொடங்காமல் 'எங்களிடம் தர ஒன்று இருக்கிறது' என்று தொடங்குகிறார். தனக்கு ஓட்டுப் போடப்போவதே இல்லாத அவையில் நின்று பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேடையில் கைதட்டு வாங்கும் அடுக்குமொழிக்கு இங்கே வேலையில்லை. பேச்சு முழுக்க ஆங்கிலம்.

கேள்வி: நாட்டைப் பிரிக்கவேண்டும் என்று அவையிலேயே பேசிய ஒருவரை எப்படி விட்டுவைத்தார்கள்?

அரசமைப்புச் சட்டத்தின் 105ஆவது பிரிவு. நாடாளுமன்றத்தில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ எந்த உறுப்பினர் மீதும் நீதிமன்ற நடவடிக்கை எடுக்க முடியாது. அவை விதிகளுக்கும் அவைத் தலைவரின் மணிக்கும் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். வெளியே போராட்டம் நடத்தினால் அது வேறு கதை. 1962இலேயே விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் செய்து வேலூர் சிறைக்குப் போனார்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. 16ஆவது அரசமைப்புத் திருத்தம் தி.மு.க.வைக் குறிவைத்து வந்தது என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. சட்டத்தில் கட்சிப் பெயரே இல்லையே?

சட்டத்தில் எப்போதும் பெயர் இருக்காது, தம்பி. தேர்வுக்கு முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: 19, 84, 173 ஆகிய பிரிவுகளும் மூன்றாவது அட்டவணையும் திருத்தப்பட்டன. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றுக்கும் கட்டுப்பாடு விதிக்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிடுபவர் அதே இறையாண்மையைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்கவேண்டும். சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது. 1963 அக்டோபர் 5இல் ஒப்புதல் கிடைத்தது.

இனி அரசியல். பிரிவினையைக் கொள்கையாக எழுதிவைத்துக்கொண்டு தேர்தலிலும் நின்று, வளர்ந்துகொண்டும் இருந்த பெரிய கட்சி அப்போது எது? அந்த உறுதிமொழியை எடுக்காமல் வேட்பாளராக நிற்கவே முடியாது என்றால் யாருக்கு அடி?

1963 ஜனவரியில் மாநிலங்களவையில் அண்ணா இதை எதிர்த்துப் பேசினார். என் கணக்கில் அவருடைய டெல்லிப் பேச்சுகளில் சட்ட நுணுக்கம் அதிகம் உள்ளது இதுதான். சீனப் போர் வந்தவுடனே நாங்களே கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அரசின் பக்கம் நின்றோமே, பிறகு இந்த அவசரம் ஏன் என்பது ஒன்று. இறையாண்மை எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. அரசமைப்பின் முகப்புரையே 'இந்திய மக்களாகிய நாம்' என்றுதானே தொடங்குகிறது, அப்படியானால் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, ஒரு கோரிக்கையை மக்கள் முன் வைப்பதால் அதற்கு என்ன ஊனம் வரும் என்று கேட்டார். ஆளுங்கட்சி போற்றும் ஆவணத்தையே எடுத்து அவர்கள் முன் வைத்துக் கேட்கும் முறை. இதைப் பின்னால் 'தமிழ்நாடு' பெயர் மாற்ற விவாதத்திலும் பார்க்கலாம்.

கேள்வி: பேசியதெல்லாம் சரி. அந்த ஆண்டே கொள்கையைக் கைவிட்டாரே! பயம்தானே?

1963 நவம்பரில் கட்சியின் விதியிலிருந்து திராவிட நாடு கோரிக்கை நீக்கப்பட்டது, உண்மை. காரணம் மூன்று: போர், இந்தச் சட்டம், ஆந்திராவிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் அந்தக் கோரிக்கைக்கு ஆளே இல்லாதது. மூன்றாவதைப் பற்றி அவருடைய ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. பயம் என்று எனக்குப் படவில்லை. அதே நவம்பரில்தான் அரசமைப்பின் மொழிப் பகுதியை எரிக்கக் கிளம்பிக் கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். சிறைக்குப் பயந்தவர் அதைச் செய்யமாட்டார். தேர்தலில் நிற்கும் உரிமையை இழந்தால் கட்சி இல்லை என்று கணக்குப் போட்டார். கோரிக்கையைக் கைவிடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது அவர் நிலை. அதைச் சாமர்த்தியம் என்பதா சறுக்கல் என்பதா, உங்கள் விருப்பம்.

கேள்வி: 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லுக்காகச் சண்டை நடந்ததாக அப்பா சொல்வார். அப்படி என்ன சொல் அது?

அப்பா சொன்னது சரிதான். 1965 ஜனவரி 26 முதல் இந்திதான் ஆட்சிமொழி, ஆங்கிலம் விலகவேண்டும் என்பது அரசமைப்பு தந்த 15 ஆண்டுக் கெடு. அதற்குப் பிறகும் ஆங்கிலம் நீடிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்றும் அதிலேயே இருந்தது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி 1963 ஏப்ரலில் கொண்டுவந்த மசோதாவின் மூன்றாவது பிரிவில், ஆங்கிலம் 'தொடரலாம்' என்று எழுதியிருந்தார்கள். 'தொடரவேண்டும்' என்று எழுதுங்கள் என்றது எதிர்ப்பு. 'இந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்' என்றார் நேரு. ஒரே பொருள் என்றால் மாற்றி எழுதுவதில் என்ன கஷ்டம் என்று யாருக்கும் தோன்றும்!

நேரு நம்பிக்கையோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும், அந்த முடிவை அவர்களிடமே விடுகிறேன் என்று 1959 ஆகஸ்டிலேயே மக்களவையில் வாக்குறுதி தந்தவர் அவர். ஆனால் 1964 மே மாதம் மறைந்துவிட்டார். சட்டத்தில் மிஞ்சியது 'தொடரலாம்' மட்டும்தான். 1965 ஜனவரியில் தமிழ்நாடு தீப்பற்றியது. பிப்ரவரி 11இல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் வாக்குறுதியை மீண்டும் உறுதிசெய்ய நேர்ந்தது. 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தில்தான், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவ்வாறே தீர்மானித்தால் ஒழிய ஆங்கிலம் விலகாது என்று எழுத்தில் வந்தது.

மசோதா மேலவைக்கு வந்தபோது அண்ணா வைத்த வாதங்களில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை பற்றியது. இந்தி பேசுவோர் நாடு முழுக்கப் பரவியிருந்தால் அதைப் பொதுமொழி எனலாம். ஒன்றையொன்று ஒட்டிய சில மாநிலங்களில் மட்டும் திரண்டிருக்கும் மொழி, எவ்வளவு பேர் பேசினாலும், வட்டார மொழிதான். தலைகளை எண்ணுபவர்களிடம், அந்தத் தலைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கிறார்.

இதனால் மசோதா நின்றதா? இல்லை. 1967 திருத்தம் அண்ணாவின் பேச்சால் வந்ததென்று சொன்னால் தெருவில் செத்தவர்களுக்குத் துரோகம். 1965 கிளர்ச்சியும் 1967 தேர்தல் முடிவும்தான் அதைக் கொண்டுவந்தன.

கேள்வி: காக்கை, மயில், எலி, புலி மேற்கோளை விட்டுவிட்டீர்களே?

வேண்டுமென்றேதான். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் எலி இருக்கப் புலி ஏன் தேசிய விலங்கு, காக்கை இருக்க மயில் ஏன் தேசியப் பறவை என்று அண்ணா கேட்டதாக உலவுகிறது. மயில் 1963இல் தேசியப் பறவையானது, அதில் சிக்கலில்லை. புலி தேசிய விலங்கானது 1970களில். அதற்குமுன் அந்த இடத்தில் இருந்தது சிங்கம். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. இந்த வடிவத்தில் அவர் சொல்லியிருக்க முடியாது. மேடைப்பேச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், கட்டுரையில் போடாதீர்கள்.

கேள்வி: 'தமிழ்நாடு' பெயருக்கு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அண்ணா என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி மறுத்தாள். யார் சரி?

மாணவிதான் சரி, டீச்சர். கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா. வங்காளி, கம்யூனிஸ்ட். தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவாகக் கொடுத்திருந்தார். அது 1963இல் விவாதத்துக்கு வந்தபோது ஆதரித்துப் பேசியவர் அண்ணா.

பின்னணியையும் வகுப்பில் சொல்லுங்கள். இந்தப் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13இல் உயிர்விட்டார். பிறகு 1961இல் மாநில அரசு பாதி இறங்கிவந்தது: தமிழில் எழுதும்போது 'தமிழ்நாடு', ஆங்கிலத்தில் அதே 'மெட்ராஸ்'. இந்த இரட்டைப் பெயர் நிலையில்தான் விவாதம் நடக்கிறது.

அண்ணா சங்க இலக்கியத்திலிருந்தும் காப்பியங்களிலிருந்தும் சான்று காட்டினார். அவையில் அதற்குப் பெரிய மதிப்பு இருந்திருக்காது என்பது என் ஊகம்; டெல்லிக்காரருக்குப் பரிபாடல் என்ன, பதிற்றுப்பத்து என்ன. 'பெயரை மாற்றி என்ன லாபம் அடையப்போகிறீர்கள்?' என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பார்லிமென்ட்டை லோக்சபா என்று மாற்றி நீங்கள் என்ன லாபம் அடைந்தீர்கள், கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்யசபா என்றதில் என்ன லாபம், பிரசிடென்ட்டை ராஷ்டிரபதி என்றதில் என்ன லாபம் என்று திருப்பிக் கேட்டார் அண்ணா. இந்த வாதத்துக்கு எந்த இலக்கியமும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கேள்வி கேட்டவர் உட்கார்ந்திருக்கும் அவையின் பெயரே பதிலாகிவிடுகிறது.

மசோதா தோற்றது. 1967 ஜூலை 18இல் முதலமைச்சராக அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றம் 1968இல் சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: அவைக்கு ஒழுங்காக வருவாரா?

பூபேஷ் குப்தா மாதிரி தினமும் எழுந்து நிற்பவர் அல்ல. நடுவில் சிறை, வளர்ந்துகொண்டிருந்த கட்சி, பத்திரிகை. வருகைப் பதிவேட்டை வைத்து உறுப்பினரை எடைபோடும் இன்றைய வழக்கப்படி அண்ணாவுக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வரும்.

கேள்வி: மாநிலங்களவை வெறும் பேச்சு மடம்தானே? அரசைக் கவிழ்க்கவா முடியும்?

முடியாது. அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே பொறுப்பு. பண மசோதாவை 14 நாளுக்குமேல் நிறுத்திவைக்கவும் முடியாது. ஆனால் அரசமைப்புத் திருத்தத்தில் இரு அவைகளுக்கும் சம அதிகாரம், கூட்டுக்கூட்டம் போட்டுத் தப்பிக்க வழியில்லை. 16ஆவது திருத்தத்தின்போது அண்ணா இருந்தது அதிகாரமுள்ள அவையில்தான், ஆள்பலம்தான் இல்லை.

கேள்வி: இன்றைக்கு ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா எங்காவது நிறைவேறியிருக்கிறதா?

2015 ஏப்ரல் 24. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. 1970க்குப் பிறகு இரு அவைகளும் நிறைவேற்றிச் சட்டமான தனிநபர் மசோதா கிடையாது. இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. 2019இல் வந்த சட்டம் அரசே தயாரித்தது, சிவாவின் மசோதாவிலிருந்து பல இடங்களில் விலகியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: மூலப் பேச்சுகளை எங்கே படிப்பது? எதிலிருந்து தொடங்கட்டும்?

மாநிலங்களவையின் அவைக்குறிப்புகள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன, குறுக்கீடுகள் உட்பட. பெயரையும் தேதியையும் வைத்துத் தேடலாம். பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பதால் எழுத்து மங்கலாக இருக்கும், பொறுமை வேண்டும். நான் சொல்வது பெயர் மாற்ற விவாதத்தை முதலில் எடுங்கள், சின்னது, சுவையானது. அண்ணாவை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், எதிர்த்துப் பேசியவர்களையும் சேர்த்துப் படியுங்கள். 16ஆவது திருத்தம் கடைசியில் இருக்கட்டும். பக்கத்தில் அரசமைப்புச் சட்டப் பிரதி ஒன்றும் வேண்டியிருக்கும்.