ஹைட்டா, விசிபிளா? எக்செல் மேக்ரோ கேள்வி பதில்

தேயிலைத் தோட்ட ஆபீசில் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவு) போட்டுப் பழகியவன். மேக்ரோ, அதாவது எக்செல்லைத் தானாக வேலை செய்ய வைக்கும் நிரல்வரிகள், பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பவரை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஹட்டன்: அண்ணே, ஃபார்முக்கு (விவரம் அடிக்கும் பெட்டிகள் உள்ள ஜன்னல்) ஹைட் வேலை செய்யுது. ஷீட்டுக்குப் போட்டால் பிழை. ஏன்?

ஷீட்டுக்கு ஹைட் என்ற மெத்தடே (பெயருக்குப் பின் புள்ளி வைத்து எழுதும் செயல்) இல்லை தம்பி. விசிபிள் என்ற ப்ராப்பர்ட்டிதான் (மதிப்புக் கொடுத்து மாற்றும் தன்மை): -1 போட்டால் தெரியும், 0 போட்டால் மறையும், 2 போட்டால் அன்ஹைட் பட்டியலிலும் வராது. பட்டன், படங்களுக்கும் விசிபிள்தான். நிரை (ரோ), நிரலுக்கு (காலம்) ஹிடன். அங்கே எல்லாம் தலைகீழ், ட்ரூ என்றால் மறையும். தனி செல் ஒன்றை மறைக்கச் சொன்னால் 1004 பிழை வரும், முழு நிரையாகக் கொடுங்கள்.

ஃபார்மில் ஹைட் போட்டால் அது கண்ணுக்கு மறையுமே தவிர நினைவகத்தில் அப்படியே இருக்கும். கொழுந்து நிறை பதிய ஒரு ஃபார்ம் செய்து, மூட ஹைட் போட்டிருந்தேன். அடுத்த அக்காவின் பெயரில் திறந்தபோது முந்தியவரின் 22 கிலோ பெட்டியில் நின்றது. பார்க்காமல் சேவ் அழுத்திவிட்டேன். அவர் பறித்தது 17. சம்பளத்தன்றுதான் பிடிபட்டது, நான் வாங்கிய பேச்சு தனிக்கதை. இனிஷியலைஸ் என்ற பகுதி ஃபார்ம் நினைவகத்தில் ஏறும்போது மட்டும் ஓடும், ஹைட் செய்து திரும்பக் காட்டினால் ஓடாது. பெட்டியைக் காலி செய்யும் வரியை, திரும்பக் காட்டும்போதும் ஓடும் ஆக்டிவேட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் ஃபார்மை நினைவகத்திலிருந்தே இறக்கும் அன்லோட் செய்யுங்கள். ஆனால் ஃபார்மில் அடித்ததை மேக்ரோ வாசிக்க வேண்டுமென்றால் முதலில் ஹைட், வாசித்தபின் அன்லோட்.

நுவரெலியா: அன்லோட் மெத்தட் இல்லை, ஸ்டேட்மென்ட் (தனித்து நிற்கும் கட்டளை).

சரிதான். அதனால்தான் ஃபார்ம் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து அன்லோட் எழுதினால் ஓடாது.

பண்டாரவளை: சம்பள ஷீட்டுக்கு 2 போட்டேன். இனி யாரும் பார்க்க ஏலாதுதானே சேர்?

ஏலும். ஆல்ட் எஃப்11 அழுத்தி மேக்ரோ திரைக்குப் போய் விசிபிளை -1 ஆக்க அரை நிமிடம் போதும். ஒளித்தது பூட்டியது ஆகாது. ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் போடுங்கள்.

தலவாக்கலை: சம்பளச் சீட்டில் தோட்டம் கட்டும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீத நிரல்களை மறைக்கணும், தொழிலாளியின் ஈபிஎஃப் 8 மட்டும் போதும்.

இரண்டு நிரலுக்கும் ஹிடன் ட்ரூ. ஆனால் ஏன்?

மஸ்கெலியா: அதானே! தொழிலாளியிடம் வெட்டுவது 8. தோட்டம் கட்டுகிற 15ஐ அவர் பார்க்கக் கூடாதா?

தலவாக்கலை: தாள் சின்னது அண்ணே, வேறொன்றும் இல்லை.

மஸ்கெலியா: வெட்டுவதற்கு மட்டும் தாளில் இடம் இருக்கா?

நான் மஸ்கெலியா பக்கம். எழுத்தைச் சிறிதாக்குங்கள், தாளைக் குறுக்கே திருப்புங்கள், இரண்டு நிரலும் அடங்கும்.

வெலிமடை: மறைத்த நிரையையும் கூட்டுது.

சப்டோட்டல் ஃபார்முலாவில் 9க்குப் பதில் 109 போடுங்கள், மறைத்த நிரை சேராது.

ஹப்புத்தளை: ஷீட்டுக்கு ஹைட் இருக்கா?

முதல் பதில்.

கொட்டகலை: ஷீட் எல்லாவற்றையும் மறைத்தால் பிழை.

ஒன்றாவது தெரிய வேண்டும்.

பதுளை: ஷீட்டுக்கு ஹைட் ஏன்...

முதல் பதில், முதல் பதில்!

இராகலை: அப்ளிகேஷனுக்கே விசிபிள் ஃபால்ஸ் போட்டேன். மேக்ரோ பாதியில் நின்றுவிட்டது. எக்செல்லைக் காணோம்.

டாஸ்க் மேனேஜரில் இருக்கும். அதில் முடித்துவிட்டுத் திறங்கள். சேவ் செய்யாத பேர் எல்லாம் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.