டாக்டரம்மா பதில்கள்: ஃபில்லரைக் கடிக்கும் குட்டி

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் எங்கள் தெருமுனையில் தாய்ப்பூனை ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துப்போயிற்று. எங்கள் கிணற்றடி விறகுக் குவியலில் அதன் குட்டிகள் மூன்று, கண் திறந்தும் திறக்காமலும் கிடந்தன. ஒன்றுதான் பிழைத்தது. முதலில் பசும்பாலில் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன், பேதியாயிற்று. இப்போது பூனைக்குட்டிப் பால்பொடியைக் கரைத்து ஃபில்லரில் ஊட்டுகிறேன். நாலு நாளாக ஃபில்லரைக் கடித்துக் குதறுகிறது. தட்டில் ஊற்றினால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. "பூனைக்குப் பால்சாதம் பிசைந்து வை" என்கிறார் மாமியார். எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. எப்படிச் சாப்பிடப் பழக்குவது?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஃபில்லரைக் கடிக்கிறது என்கிறீர்களே, நாள் வந்துவிட்டது என்று குட்டியே சொல்கிறது. மேலுதட்டை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். முன்னால் ரவையைத் தூவியது போலப் பற்கள் வரிசையாக இருக்கும், ஓரத்தில் கோரைப்பல் ஊசிமுனையாய் எட்டிப் பார்க்கும். இது நாலாவது வாரக் கணக்கு. கடித்துப் பிய்ந்த ரப்பர் துண்டு வயிற்றுக்குள் போனால் வேறு வினை, அதனால் ஃபில்லரைத் தினமும் சோதியுங்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரரிடம், பூனைக்குட்டியை உவமை சொல்கிற வைணவத்தின் மார்ஜார நியாயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா கிடக்கும். முதல் மூன்று வாரம் அப்படித்தான். இனிமேல் குட்டி குரங்குக்குட்டி போலத் தானும் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். (தென்கலை வடகலை வழக்குக்குள் நான் வரவில்லை!)

ஆழமான கிண்ணம் வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி போதும். அதில் வெதுவெதுப்பாக, மணிக்கட்டில் விட்டால் சூடு தெரியாத பதத்தில், இப்போது குடிக்கிற அதே பாலை ஊற்றுங்கள். உங்கள் விரலை அதில் தோய்த்து வாயருகே காட்டுங்கள். நக்கும். அடுத்த முறை விரலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அதற்கடுத்து இன்னும். விரலைத் தேடி வருகிற நாக்கு ஒரு கட்டத்தில் மூடியில் இருக்கிற பாலைத் தொட்டுவிடும். சில குட்டிகள் ஒரே வேளையில் கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு மூன்று நாள் ஆகும். தலையைப் பிடித்து மூஞ்சியைப் பாலில் அமுக்குகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், மூக்கு வழியாகப் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். 1990ல் முதல் வேலை, டெல்டாவில் ஒரு கால்நடை மருந்தகம். மாடும் ஆடும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு சிறுவன் மஞ்சப்பைக்குள் பூனைக்குட்டி கொண்டுவந்தான். கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாத்தி, ஃபில்லரை வேகமாக அமுக்கினேன். மூக்கில் பால் வந்தது. இரண்டாம் நாள் மூச்சிரைத்துச் செத்துப்போயிற்று. மாட்டுக்கு மருந்து ஊற்றும்போது புரையேறக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான்! ஃபில்லரில் ஊட்டுகிறவரை குட்டி தாய் மடியில் குடிப்பது போலக் குப்புற, நாலு காலும் தரையில் ஊன்றி இருக்கட்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால்.

நக்கக் கற்றுக்கொண்டதும் கஞ்சி, கூழ், களி என்ற வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குட்டிக்கென்றே விற்கிற உலர் உணவை (பெரிய பூனைக்கானதும் வேண்டாம், நாய்க்கானது வேண்டவே வேண்டாம்) வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்து, பாலில் கரைத்தால் கஞ்சி. இரண்டு மூன்று நாளில் பாலைக் குறைத்துக் கூழ். ஆறாவது வாரத்தில் களி. எட்டாவது வாரத்தில் ஊறாத உணவையே கறுக்முறுக்கென்று கடிக்கும். நாளைக்கு நாலைந்து வேளை. ஒவ்வொரு வேளையும் முதலில் தட்டு, பிறகு ஃபில்லர். தட்டில் சாப்பிடுவது கூடக் கூட ஃபில்லர் தானாகக் குறையும், நீங்கள் திடீரென்று பிடுங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

முதல் வாரம் குட்டி சாப்பாட்டுக்குள் நடக்கும், உட்காரும், தும்மும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே ஈரம் போக உலர்த்துங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்துபோகும். மீந்ததை அரை மணிக்குமேல் வைக்காதீர்கள், திருச்சி வெயிலில் அது புளித்துவிடும்.

பேதியானால் ஒரு படி பின்னால் போங்கள்: களியிலிருந்து கூழுக்கு, கூழிலிருந்து கஞ்சிக்கு. தண்ணீராகப் போய், குட்டி சுருண்டு படுத்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்காதீர்கள். அந்தச் சின்ன உடம்பில் இழக்கத் தண்ணீர் ஏது?

நீங்கள் எடை பார்த்ததாக எழுதவில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு மாதக் குட்டி சுமாராக 400 கிராம் இருக்க வேண்டும், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் நிறுத்துக் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் பொட்டு என்றொரு குட்டியை என் கணவர் காபிக்கொட்டை நிறுக்கிற தராசில் நிறுப்பார். எடை ஏறாத நாளில் அவருக்கும் காபி இறங்காது.

இனி மாமியார் விஷயம். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பூனைக்குப் பால்சாதம் வைத்தார்கள், பூனையும் கொழுகொழுவென்று இருந்தது. ஆனால் அது வயிறு நிறையச் சாப்பிட்டது பரணிலும் நெற்குதிரிலும் திரிந்த எலியை. பால்சாதம் பலகாரம் மாதிரி. குட்டிக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்கிற தாயும் செத்த எலியைக் கொண்டுவந்து முன்னால் போடும், கொஞ்ச நாள் கழித்துக் குற்றுயிராய்க் கொண்டுவரும். உங்கள் குட்டிக்குத் தாயும் இல்லை, எலியும் இல்லை. அந்த எலியின் இடத்தை நிரப்புவதுதான் உங்கள் வேலை.

பசும்பாலில் இருக்கிற புரதத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பூனைப்பாலில் இருக்கிறது. போதாததற்குப் பசும்பால் அதற்குச் சரியாகச் செரிப்பதும் இல்லை, உங்கள் குட்டிக்குப் பேதியானது அதனால்தான். சாதத்தில் மாவுச்சத்தைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும், அது மாமிசத்தில்தான் இருக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975லேயே தெரியும். இதயமும் வீங்கித் தளர்ந்துபோகும் என்பதை 1987ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்தார்கள். நான் அப்போது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவி. எங்களுக்குப் பாடமெல்லாம் பசுவும் எருமையும்தான், பூனை கடைசிப் பக்கம்.

ஆகவே சைவப் பூனை என்று ஒன்று கிடையாது. அதற்காக நீங்கள் அடுப்பில் மாமிசம் ஏற்ற வேண்டியதில்லை. பாக்கெட் உணவில் டாரினும் கால்சியமும் அளவாகச் சேர்த்தே வருகிறது. பாக்கெட், தட்டு, தராசு மூன்றையும் பின்கட்டில் தனி அலமாரியில் வைத்துவிடுங்கள். அதுவும் ஒப்பாது என்றால், குட்டியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது பாவமில்லை. பால்சாதத்தில் வளர்ப்பதுதான் பாவம். மாமியாரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி. தாய் இல்லாமல் வளர்ந்தது. பால் மறந்ததிலிருந்து வேகவைத்த கோழிக்கறி மட்டும், எலும்பு நீக்கிக் கொடுக்கிறோம். இப்போது பின்கால் இழுத்து நடக்கிறது. எங்கேயும் விழவில்லை. கால்சியம் டானிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் எக்ஸ்ரே. வெறும் சதைக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் துளி. இரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும், கொஞ்ச நாளில் எலும்பு முருங்கைக்காம்பு மாதிரி ஆகிவிடும், ஸ்டூலிலிருந்து குதித்தாலே முறியும். நல்ல உணவு கொடுக்கிறோம் என்று நம்புகிற பாசக்கார வீடுகளில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை தாவ முடியாத ஒரு பெட்டிக்குள் வையுங்கள். குட்டிகளுக்கான முழு உணவுக்கு இன்றே மாற ஆரம்பியுங்கள், கறியை அதன்மேல் ஒரு சிட்டிகை ருசிக்குத் தூவலாம். அந்தக் கறியும் உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வெந்ததாக இருக்க வேண்டும், வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். தூத்துக்குடியில் சாளைக்குப் பஞ்சமில்லை என்று எனக்கும் தெரியும். வேகவைத்து, வாரத்தில் ஓரிரு நாள். பச்சை மீன் வேண்டாம், கருவாடு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மொட்டைமாடியில் கண் திறக்காத இரண்டு குட்டிகள். காலையிலிருந்து தாயைக் காணோம். எடுத்து வளர்க்கலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஏழு வீடு மாற்றுகிறவள் அவள், அடுத்த இடம் பார்க்கப் போயிருப்பாள். நீங்கள் அங்கேயே நின்றால் திரும்பி வரமாட்டாள். கீழே இறங்கி, தூரத்திலிருந்து பாருங்கள். வயிறு உருண்டையாய் இருந்து அமைதியாகத் தூங்கினால் தாய் இருக்கிறாள் என்று அர்த்தம். உடம்பு சில்லிட்டு, விடாமல் கத்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தால் இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் எழுந்திருக்க வேண்டும், ஒவ்வொரு தரமும் வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். வீட்டில் யார் அதைச் செய்வார்கள் என்று எடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வாரக் குட்டி மணல்தட்டில் மண்ணைத் தின்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: இந்த வயதில் எல்லாவற்றையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். கட்டியாக உறைகிற கடை மணலை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போடுங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தம் குறைவு; தெள்ளுப்பூச்சி உறிஞ்சியிருக்கலாம், வயிற்றில் புழு இருக்கலாம். பூச்சி மருந்து இந்நேரம் இரண்டு தரம் போயிருக்க வேண்டும், அளவு எடையைப் பொறுத்தது. வருகிற வாரமே காட்டிவிடுங்கள், அப்படியே முதல் தடுப்பூசிக்கும் தேதி கேட்டுக்கொண்டு வாருங்கள்.