தோட்டத்தைப் பற்றி 10 நிமிடக் குறும்படம்: ஸ்கிரிப்ட்டுக்கு முன் கதைசொல்லலை எப்படி ஆராய்வது?

கேள்வி: ஊடகக் கல்வி இறுதி ஆண்டு. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தை வைத்து 10 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். அதற்கு முன் கதைசொல்லல் பற்றி 6 வாரம் ஆய்வு செய்து கோப்பு ஒப்படைக்கச் சொல்கிறார் விரிவுரையாளர். கதை அமைப்புப் புத்தகங்களைப் படிப்பதா, தோட்டத்துப் பெரியவர்களைப் பேட்டி எடுப்பதா?

பதில்: இரண்டும்தான். ஆனால் புத்தகத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மாணவர் கோப்புகள் பெரும்பாலும் மூன்று அங்க அமைப்பு, நாயகன் பயணம் என்று பத்துப் பக்கம் ஓடி, கடைசியில் "ஊர்ப் பெரியவர்களிடமும் பேசினோம்" என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதைத் தலைகீழாக்குங்கள். அந்த ஊரில் என்ன நடந்தது என்பது பாதி ஆய்வுதான். நடந்ததை அங்குள்ளவர்கள் எங்கே தொடங்கி, எதை விழுங்கி, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறார்கள் என்பது மீதிப் பாதி. உங்கள் படத்தின் வடிவம் அதிலிருந்துதான் கிடைக்கும்.

புத்தகப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளாதிமிர் புரோப் 1928இல் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றில் வரும் நிகழ்வுகளை 31 செயல்களாகப் பிரித்தார். கதையைப் பிரித்துப் பார்க்கப் பழக அது நல்ல பயிற்சி. 10 நிமிடப் படத்துக்கு அச்சாக எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிடத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் முதல், கரு, உரி பிரிப்பு உங்களுக்கு நேரடியாக உதவும். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் போன்றவை. உரிப்பொருள் மனிதருக்குள் நடப்பது. ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டு உங்கள் தோட்டத்துக்கு நிரப்புங்கள்: விடிகாலை, பெரட்டு (காலையில் பேர் கூப்பிடுவது), பால்மரம், உளி (பட்டை சீவும் கத்தி), மங்கு (பால் ஏந்தும் கிண்ணம்), லயம் (வரிசை வீடுகள்), ஆயா கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), முனியாண்டி சாமி, சம்பள நாள். மூன்றாவது பத்தி காலியாகவே நிற்கும். அதை நிரப்பத்தான் பேட்டி.

யாரிடம் போவது என்பதற்கு முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் (தோட்ட மேலாளர்கள்) கம்யூனிஸ்டு கொரில்லாக்களால் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிரகடனமாகி 1960 வரை நீடித்தது. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று 85க்கு மேல். ஆகவே 65 வயதுக்காரர் அவசரகாலத்தில் குடியிருப்புகளைச் சுற்றிப் போட்ட கம்பி வேலியைப் பற்றிச் சொன்னால், அது அவர் அப்பாவோ அம்மாவோ சொன்ன கதை. பயனற்றது என்று அர்த்தமில்லை. வாய் மாறி வந்த கதை எப்படி உருமாறுகிறது என்பதற்கு அதுவே சான்று. "கண்ணால் கண்டது", "வீட்டில் கேட்டது", "ஊரில் பேசிக்கொள்வது" என்று மூன்று குறி வைத்துக் கோப்பில் பிரித்து எழுதுங்கள்.

ஆவணம் தேடப்போனால் தோட்டத்தின் இரண்டு பெயரும் வேண்டும். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் ஒன்று. அர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைச் சேகரிப்பில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் உண்டு. ஒரே நாள் செய்தியை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யார் பெயர் வருகிறது, யார் வெறும் 'கூலி' ஆகிறார் என்று பாருங்கள். கதைசொல்லல் ஆய்வுக்கு அந்த ஒரு பக்கமே கனமான சேர்க்கை.

பேட்டிக்கு நேரம் முக்கியம். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன் எழுந்தவர், மதியம் தூங்குவார். மாலை தேநீர் நேரம் சரி. தொலைக்காட்சித் தொடர் தொடங்கிவிட்டால் யாரும் உங்கள் பக்கம் திரும்பமாட்டார்கள். நேராக வீட்டுக்குப் போகாமல் கோவில் நிர்வாகத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கைப்பேசியை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, சின்ன காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. சுவர் விசிறியை அணைக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், பின்னால் அந்த இரைச்சலைச் சுத்தமாக எடுப்பது கஷ்டம். தகரக் கூரையில் மழை பிடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு மழையை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். படத்துக்கு உதவும்.

"உங்க வாழ்க்கைக் கதையச் சொல்லுங்க பாட்டி" என்று ஆரம்பித்தால் "என்னாய்யா இருக்கு சொல்ல, கஷ்டந்தான்" என்று முடிந்துவிடும். பொருளிலிருந்து கேளுங்கள். வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? விளக்கை யார் பற்றவைப்பார்? காட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போவீர்கள்? கிராணி (தோட்டக் குமாஸ்தா) எந்தப் பக்கம் நின்று பேர் கூப்பிடுவார்? இப்படி நாலு கேள்வி போனால் கதை தானாக வரும். வந்ததும் குறுக்கே பேசக்கூடாது. அவர் நிறுத்தினாலும் பத்து எண்ணுங்கள். முக்கியமான வாக்கியம் பல நேரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். ஒப்பாரி தெரிந்த பாட்டி கிடைத்தால் உடனே பாடச் சொல்லிவிடாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவதைப் பலர் கெட்ட சகுனமாக நினைப்பார்கள். வேறு எங்கே பாடலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

எழுத்தாக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பேசியபடியே எழுதுங்கள், மலாய்ச் சொல் வந்தால் அதுவும் அப்படியே. செந்தமிழாக்கினால் நீங்கள் தேடிப்போனதே காணாமல் போய்விடும்.

ஒரு பாட்டி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "அன்னிக்கு விடிய விடிய மழ. வெட்டு இல்ல. அவரு வீட்டுலயே இருந்தாரு. கடக்காரரு கணக்குப் பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. நான் அடுப்படிய விட்டு வெளிய வரல. அப்பறம் பெரியவன் ஸ்கூலுக்குப் போவல, அவ்ளோதான்."

அவசரக்காரர் இதிலிருந்து கணவருக்கும் கடைக்காரருக்கும் நடக்கும் வாய்ச்சண்டையை எழுதுவார். பாட்டி அதைச் சொல்லவே இல்லை. கடன் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அவர் அடுப்படியில் இருந்தார், அதனால் கேமராவும் அடுப்படியிலேயே இருக்கட்டும். வெளியே குரல் மட்டும் கேட்கட்டும். மழைச் சத்தத்தில் பாதி வார்த்தை மறையட்டும். ஒரு பையனின் படிப்பு நின்றுபோனதை "அவ்ளோதான்" என்று மூடுகிறார் பாருங்கள், படமும் அங்கே விளக்கம் சொல்லக்கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் இதே கேள்விகளைப் போடுங்கள்: எங்கே தொடங்கியது, எங்கே மெதுவானது, எது விடுபட்டது, சொல்கிறவர் அப்போது எங்கே நின்றார், எப்படி முடித்தார். கோப்பின் நெஞ்சுப் பகுதி இந்த அட்டவணைதான்.

மழையில் ஏன் கதை தொடங்குகிறது என்பதற்குத் தொழில் தெரிய வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டு வழியே மங்குக்கு வராமல் மரம் முழுக்கப் பரவி வழியும். மங்கில் விழுந்த பாலும் மழைத் தண்ணீரோடு போய்விடும். அதனால் வெட்டு இல்லை, வேலைக்குப் போனவர் எல்லாரும் வீட்டில். மற்ற நாளில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தள்ளிப்போட்ட பேச்சு அன்று வெடிக்கும். ஸ்கிரிப்ட் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் தேவையா? அதேபோல் வெட்டி முடித்துப் பால் எடுக்கும் வரை இரண்டு மூன்று மணி நேர இடைவெளி உண்டு. சாப்பாடும் ஊர்க்கதையும் அப்போதுதான். இருவர் மனம்விட்டுப் பேசும் காட்சியை அங்கே வையுங்கள். நிரையில் (மர வரிசையில்) வெட்டிக்கொண்டே நீளமாகப் பேசினால் தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள்.

விடிகாலை வெட்டை மாலையில் எடுத்து நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒளிப்பதிவாளர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரவில் மரத்துக்குள் ஏறும் நீரழுத்தம் பகல் வெயிலில் இறங்கிவிடும். மாலையில் வெட்டினால் பால் சரியாக ஓடாது, காலை மங்கில் கட்டிப்பால் கிடக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு சீவல் பட்டை போகிறது, உளி ஆழமாகப் பட்டால் மரத்துக்கே காயம். மறுநடவுக்கு ஒதுக்கிய பழைய மரங்களைக் கேளுங்கள். கைகளின் குளோசப்புக்கு நடிகர் வேண்டாம், வெட்டுத் தெரிந்தவரை வையுங்கள். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும். இதில் தப்பினால் படத்தில் வேறு எதையும் அந்த ஊர்க்காரர் நம்பமாட்டார்.

கதை இன்று நடப்பதென்றால் வேறு கணக்கு. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்தான் அதிகம், நம் குடும்பங்கள் பெரும்பாலும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்). அப்போது பெரட்டுக்குப் பதில் தொழிற்சாலை பஸ்தான் உங்கள் கருப்பொருள்.

சின்ன ஊர் என்பதை மறக்காதீர்கள். குடி, கடன், ஓடிப்போன கல்யாணம், சாதி ஆகியவற்றைப் பேரை மாற்றினால் மறைத்துவிடலாம் என்று நினைப்பது தப்பு. எத்தனை பிள்ளை, எந்த லயம் என்றாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று பேர் கதையைக் கலந்து எழுதுங்கள். சம்மதம் இரண்டு முறை வாங்குங்கள்: பதிவுக்கு ஒன்று, ஸ்கிரிப்ட்டை வாசித்துக் காட்டிய பிறகு ஒன்று. இரண்டாவது முறை "வேண்டாம்யா" என்றால் அந்தப் பகுதி போகட்டும்.

நான்காவது வாரக் கடைசியில் பேட்டியை நிறுத்திவிடுங்கள், புதிதாக யாராவது கிடைத்தாலும். மீதி இரண்டு வாரத்தில் ஒரே நாள், ஒரே முடிவு, அதிகபட்சம் மூன்று பாத்திரம் என்று சுருக்கி ஒரு பக்கக் கதைச்சுருக்கம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது ஆங்கில ஸ்கிரிப்ட் அச்சுக்கான கணக்கு, தமிழுக்கு ஒத்துவராது. சத்தமாக வாசித்து, மௌனங்களையும் விட்டு, ஸ்டாப்வாட்சில் பாருங்கள். பெயர்ப் பட்டியலுக்கு இடம் விட்டு எட்டரை நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். தோட்ட மேனேஜருக்கான கல்லூரிக் கடிதத்தை மட்டும் இன்றே கேட்டுவிடுங்கள். ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) அனுமதி வேண்டுமா என்பதையும் கல்லூரி வழியாகவே விசாரியுங்கள். நுழைவாசல் காவலரிடம் போய் நின்று கெஞ்சுவதில் ஒரு படப்பிடிப்பு நாளே போய்விடும்.