காந்தி மாதிரி டின்னர் சாப்பிட்டே பாரிஸ்டர் ஆகிவிடலாமா?

"சத்திய சோதனையில் காந்தி விருந்து சாப்பிட்டே பாரிஸ்டர் ஆனதாக எழுதியிருக்கிறாரே, இப்போதும் அப்படித்தானா? பாரிஸ்டருக்குப் படிப்பவரின் ஒரு நாள் எப்படிப் போகும்?" என்பது கேள்வி.

முதல் பாதியைப் படித்ததுமே சுருக்கென்றது. 2018 கடைசியில் லண்டனிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானுக்குத் திரும்பிய வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் பெரியப்பா இதையேதான் சொன்னார். "அங்க பன்னெண்டு தடவ போய் சாப்பிட்டா பாரிஸ்டர்னு எழுதிக் குடுத்துடுவான். அதுக்கு ஒரு லட்சம் வெள்ளியா?" மேசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்த ஒரு லட்சம் வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், பாதி, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிச் சேர்ந்த அப்பாவின் இபிஎஃப் சேமநிதிப் பணம். நான் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சொல்லாததையெல்லாம் இப்போது உங்களிடம் கொட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள், வீட்டில் காசுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் ஒன்று: 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பாரிஸ்டர் என்ற பெயருக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது, பழைய படங்களை நம்ப வேண்டாம். மலேசியாவில் கதை வேறு. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் வைத்திருப்பவர்கள் இங்கே வழக்கறிஞர் ஆக சிஎல்பி என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆகிவிட்டால் அது தேவையில்லை. லண்டனில் என் வகுப்பில் மலேசிய முகங்கள் அத்தனை இருந்ததற்கு இதுதான் காரணம். "சிஎல்பிக்குப் பயந்து ஓடினவள்" என்று இப்போதே சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், பயந்துதான் போனேன். போன இடத்தில் பயம் குறையவில்லை.

சரி, டின்னருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் 'இன்' எனப்படும் நான்கு பழைய பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும்: லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள். காந்தி இன்னர் டெம்பிள். 1891 ஜூன் 10இல் பாரிஸ்டர் ஆனார். நான் லிங்கன்ஸ் இன். காந்தி காலத்தில் பன்னிரண்டு பருவம், ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும் சுமார் இருபத்து நான்கு விருந்துகளில் குறைந்தது ஆறில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் காலத்தில் அது 12 'தகுதி அமர்வு' ஆகியிருந்தது, இப்போது 10. எல்லாமே சாப்பாடு இல்லை. சொற்பொழிவு உண்டு, விண்ட்சர் பக்கம் கம்பர்லாண்ட் லாட்ஜில் ஒரு வார இறுதி முழுக்க வாதப் பயிற்சியும் உண்டு. அங்கே இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஜாமீன் மனு தயாரித்ததைப் பெரியப்பா விருந்துக் கணக்கில்தான் சேர்ப்பார்.

உண்மையான விருந்துகளும் இருந்தன, மறுக்கவில்லை. நால்வர் நால்வராக உட்கார வைப்பார்கள். அந்த நால்வருக்குப் பெயர் 'மெஸ்'. நாலு பேருக்கு இரண்டு பாட்டில் வைன், தான் குடிக்காததால் தன்னைத் தங்கள் நால்வரில் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்தது என்று காந்தி எழுதியிருக்கிறார். என் முதல் விருந்தில் நானும் குடிக்காதவள் என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்த மூவரின் முகமும் மலர்ந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றி இருபத்தைந்து வருடத்தில் இது மட்டும் மாறவில்லை. அரியணையில் இருப்பவருக்கு, என் காலத்தில் மகாராணிக்கு, வாழ்த்துச் சொல்லும்போது லிங்கன்ஸ் இன்னில் எழுந்து நிற்க மாட்டார்கள். இரண்டாம் சார்லஸ் வந்த விருந்தில் எழுந்து நிற்கிற நிலையில் யாரும் இல்லாததால் வந்த சலுகை என்று கதை சொல்வார்கள். சுவரில் வாட்ஸ் தீட்டிய பிரம்மாண்டமான ஓவியம், உலகத்துச் சட்டம் வகுத்தவர்கள் எல்லாரும் வரிசையாக. அதற்குக் கீழே, கடன் வாங்கிய கறுப்பு கவுனில், மறுநாள் காலை வகுப்புக்கு இன்னும் தயாராகாமல் நான்.

அந்த மறுநாள்தான் நீங்கள் கேட்ட ஒரு நாள்.

நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடி அறையில் இருந்தேன். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் நேராக டெம்பிள் நிலையம். அங்கிருந்து ஸ்ட்ராண்ட், ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ், அதன் பின்புறம் கேரி தெரு, அப்புறம் லிங்கன்ஸ் இன் நூலகம். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அங்கேதான். சூடும் வெளிச்சமும் இலவசம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மேசையில் 'ஒயிட் புக்', சிவில் நடைமுறை விதிகளின் இரண்டு கனத்த தொகுதிகள். பக்கங்கள் பைபிள் தாள் மாதிரி மெல்லியவை, ஒன்றைத் திருப்பினால் மூன்று திரும்பும். சிவில் வழக்கு நடைமுறைக்கும் குற்ற வழக்கு நடைமுறைக்கும் தனித்தனித் தேர்வு, நாடு முழுக்க ஒரே வினாத்தாள். நான் எழுதியபோது ஒவ்வொன்றிலும் 75 கேள்வி, 3 மணி நேரம், புத்தகம் பார்க்கக் கூடாது. நான்கு விடைகளில் இரண்டு சரி மாதிரியே இருக்கும். ரோமன் சட்டத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் தேறுவார்கள் என்று காந்தி எழுதிய இடத்தை அந்த நாட்களில் அடிக்கடி பொறாமையோடு நினைத்துக்கொள்வேன்.

ஆனால் என் நாட்களைத் தின்றது அந்தத் தேர்வுகள் இல்லை. வாதப் பயிற்சி வகுப்பு.

வகுப்புக்கு ஆறு பேர்தான். முன்கூட்டியே ஒரு வழக்குக் கட்டு தருவார்கள். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் சாட்சி, ஆசிரியர் நீதிபதி. நீங்கள் எழுந்து பேசுவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்கு முந்தைய நாள் முழுக்கத் தயாரிப்பு. பேசும்போது ஆசிரியர் எதுவும் சொல்ல மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். முடிந்ததும் தொடங்குவார். ஆஸ்திரேலிய நீதிபதி ஜார்ஜ் ஹாம்பெல் பெயரில் வழங்கும் முறை அது. உங்களிடம் உள்ள குறைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். முதலில் அதற்கு ஒரு தலைப்பு. அடுத்து நீங்கள் பேசியதை, பேசிய வார்த்தைகளிலேயே, உங்களுக்குத் திரும்பப் படித்துக் காட்டுவார்கள். அது ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்பார்கள், தாங்களே ஒருமுறை செய்து காட்டுவார்கள். பிறகு நீங்கள் மறுபடி செய்ய வேண்டும். கேட்க அன்பான முறை மாதிரிதான் இருக்கிறது. அந்த இரண்டாவது படிதான் ஆளைக் கொல்லும்.

முதல் விசாரணை வகுப்பு அன்றைக்கு. மதுக்கடை வாசலில் நடந்த அடிதடி, நான் விசாரிக்க வேண்டியது என் தரப்புச் சாட்சி. நம் தரப்புச் சாட்சியிடம் 'லீடிங்' கேள்வி கேட்கக் கூடாது, அதாவது பதிலை நாமே அவர் வாயில் ஊட்டக் கூடாது. "அவர் கையில் பாட்டில் இருந்தது, இல்லையா?" என்பது தப்பு. "அவர் கையில் என்ன இருந்தது?" என்பதிலும் கையில் ஏதோ இருந்தது என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. "அவரைப் பார்த்தபோது என்ன கவனித்தீர்கள்?" என்றுதான் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நான் முடித்ததும் ஆசிரியர் தன் தாளைப் பார்த்துப் படித்தார், ஏற்ற இறக்கமே இல்லாமல்: "யூ கேம் அவுட், இஸ் இட். யூ சா ஹிம், இஸ் இட். ஹி வாஸ் ஹோல்டிங் எ பாட்டில், இஸ் இட்." இப்படி ஏழு. நான்கு நிமிடத்தில் ஏழு 'இஸ் இட்'.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் ஊர் ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்துக்கும் 'இஸ் இட்' என்று ஒரு வால் உண்டு. தமிழில் 'இல்லையா', 'அப்படியா' போடுகிற இடத்தில் அது தானாக வந்து உட்காரும். போட்டதே நமக்குத் தெரியாது. அதைப் போட்ட கணமே ஒவ்வொரு கேள்வியும் லீடிங் கேள்வி ஆகிவிடுகிறது. பினாங்கிலிருந்து வந்த ஒரு பையன் எதிரே தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து அவன் முறை.

ஆசிரியர் கேலி செய்யவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேள்வியின் முதல் சொல் யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி என்று இருக்கட்டும், வால் தானாக விழுந்துவிடும் என்றார். எனக்குத்தான் அன்றைக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் கண்ணீர் வந்தது. இருபத்து மூன்று வயதில் வாயைக் கழற்றி வேறு மாட்டச் சொன்ன மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு என் பயிற்சி அம்மாவோடு. குளிர்காலத்தில் லண்டன் பகல் ஒரு மணி என்றால் கிள்ளானில் இரவு ஒன்பது. நூலக வாசலில் நின்று, ரொட்டியைக் கடித்தபடி கூப்பிடுவேன். வழக்கமாக "பசியாறிட்டீங்களா, அப்பா வந்துட்டாரா, கால்வலி பரவாயில்லையா" என்று ஆமாம்–இல்லை கேள்விகளாகவே கேட்டு இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறவள் நான். இப்போது திறந்த கேள்விகள் மட்டும். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" "அப்புறம்?" "அவங்க என்ன சொன்னாங்க?" எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டு வேலித் தகராறு நாற்பது நிமிடத்துக்கு, ஒரு விவரம் விடாமல் வந்தது. ஒரு வாரம் கழித்து அம்மா அப்பாவிடம் சொன்னாராம்: "இந்தப் பிள்ளைக்கு அங்க போனப்புறம்தான் பாசம் வந்திருக்கு." நான் எதையும் விளக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, நம் தரப்புச் சாட்சியை விசாரிக்கும் தேர்வில் நான் தவறினேன். தேர்ச்சிக்கு 60 வேண்டும், எனக்கு 56. சாட்சியாக வந்த நடிகர் தேவைக்கு அதிகமாக இழுத்தார், நேரம் போனது, பதற்றத்தில் இரண்டு இடத்தில் வால் முளைத்துவிட்டது. கோடையில் மறுதேர்வு எழுதித் தேறினேன். நவம்பரில் பாரிஸ்டர் ஆனேன். குறுக்கு விசாரணையில் எனக்கு நல்ல மதிப்பெண். அங்கே லீடிங் கேள்விதான் கேட்க வேண்டும், ஒரு கேள்விக்கு ஒரே ஒரு செய்தி. அங்கேயும் 'இஸ் இட்' வேண்டாம், வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் குரலை இறக்கு என்றார்கள்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படிப்புக் கட்டணம் மட்டும் 18,000 பவுண்டுக்கு மேல். பெரியப்பா சொன்ன ஒரு லட்சம் வெள்ளி அதுதான். அறை, சாப்பாடு தனி. விசா விதிப்படி வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சனி, ஞாயிறு ஒரு மளிகைக் கடையில் நின்றேன்.

அறை என்றதும் அந்த முன்பணம் ஞாபகம் வருகிறது. காலி செய்யும்போது வீட்டுக்காரர் 400 பவுண்டைத் தரவில்லை, சுவரில் குழம்புக் கறையாம். இங்கிலாந்தில் வாடகை முன்பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பாரிஸ்டருக்குப் படிக்கிறவள் இல்லையா, பிரிவு எண்ணெல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, கீழ் வீட்டிலதானே நான் இருக்கிறன். அந்தச் சட்டம் எனக்கு வராது. நீர் இதைப் படிக்கேல்லையோ?" நூலகத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அந்த 400 பவுண்டு இன்னும் வரவில்லை. கறையும் குழம்புக் கறை இல்லை, மேற்கூரை ஒழுகின கறை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று ஆறேழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

லண்டனிலேயே ஏன் தொழில் செய்யவில்லை என்று கேட்பீர்கள். இன்னில் பாரிஸ்டர் ஆன பிறகும் அங்கே வழக்காட 12 மாதப் பயிற்சி இடம் கிடைக்க வேண்டும், 'பப்பிலேஜ்' என்பார்கள். முதல் ஆறு மாதம் மூத்தவரின் பின்னால் நடக்க வேண்டும், அடுத்த ஆறு மாதம் சொந்தமாக வழக்கு எடுக்கலாம். நாடு முழுக்க வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு இடம் தேறும். கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. நான் ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தேன், ஒரு நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அதனால் திரும்பி வந்து ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பயிற்சி, செய்து, ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டேன். இங்கே கவுன் உண்டு, விக் இல்லை. இந்த வெயிலுக்கு அது ஒன்றாவது மிச்சம்.

நான் சொன்னது 2017–18 கதை. 2020 முதல் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள், கட்டணமும் சில இடங்களில் குறைந்திருக்கிறது. சேருமுன் இப்போது படிக்கிற ஒருவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, விருந்தில் சைவம் கிடைக்குமா என்று யாராவது கேட்பார்கள். கிடைக்கும், முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். காந்திக்கு ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும். எனக்குக் காளான் ரிசோட்டோ. மூன்று விருந்திலும் அதே காளான் ரிசோட்டோ.