டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றிய ஜீப்புக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளத்தை எப்படி முடிவு செய்வது?

டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தரும் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். பழைய ஷாஃப்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புது டிரான்ஸ்ஃபர் கேஸ் நீளமாக இருந்தால் பின் ஷாஃப்ட் குட்டையாகும், அதன் சாய்வும் கூடும். சிக்கலே அங்கேதான்.

முதலில் ஸ்பிரிங், டயர், இன்ஜின் மவுண்ட் எல்லாம் முடியட்டும். அப்புறம் சமதரையில், நான்கு சக்கரத்திலும் வண்டியின் முழு எடை நிற்கும்போது அளவெடுங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுத்த அளவு உதவாது. இரு முனையிலும் கிராஸின் (ஷாஃப்ட் சாய்ந்தபடி சுழல உதவும் சிலுவை வடிவ இணைப்புத் துண்டு) மையத்திலிருந்து மையம் வரை மில்லிமீட்டரில் குறியுங்கள். அந்த நிலையில் ஸ்லிப் ஜாயிண்ட் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் வழிவிடும் இணைப்பு) தன் நகர்வில் ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிளைன் (அந்த இணைப்பில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பல்வரிசை) கழன்றுவிடக் கூடாது. முழுதாக அமுங்கும்போது முட்டவும் கூடாது. ஆனைமலை எஸ்டேட் பாதைகளில் ஒரு சக்கரம் பள்ளத்திலும் இன்னொன்று பாறைமேலும் நிற்கும். இரண்டு நிலையையும் ஷெட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் என்றால், இரு முனையிலும் கிராஸ் வளையும் கோணம் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்கட்டும், யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வரிசையில் நிற்கட்டும். இல்லையென்றால் வேகம் எடுத்ததும் அதிரும். குட்டை ஷாஃப்டில் சாய்வு அதிகமானால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் போட்டு, பினியனை (ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரம்) ஷாஃப்டின் நேர்கோட்டுக்குத் திருப்புங்கள்.

புது டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் விகிதம் கூடியிருந்தால் ஷாஃப்டுக்கு வரும் முறுக்குவிசையும் அதே அளவுக்குக் கூடும். எனவே கிராஸ் அளவையும் பெரிதாக்குவது நல்லது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி ஷாஃப்டை வெட்டி ஒட்டும் பட்டறைகளில் வேலை முடியும். ஆனால் ஷாஃப்ட் அதிராமல் சுழல எடையைச் சமன் பார்க்கும் பேலன்சிங் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.