மெம்பர் கூப்பிடாத கிராம சபை

கேள்வி: கேரளத்தில் தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருக்கிறோம். எங்கள் வார்டில் எட்டு மாதமாகக் கிராம சபை கூடவில்லை. ஆனால் கூடியதாக மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதி, வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலும் போய்விட்டது என்கிறார்கள். தமிழில் மனு கொடுத்தேன். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் போடிப் பக்கம் என் அக்கா ஊரில் மே 1, ஆகஸ்ட் 15 என்றால் சபை நடக்கிறது. அரசியல் சட்டம் இங்கே மட்டும் வேறா? நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அம்மா, அரசியல் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் கிராம சபைக்கு அது இடம் கொடுத்ததோடு சரி. என்ன அதிகாரம், எத்தனை முறை கூட வேண்டும் என்பதையெல்லாம் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. உங்கள் பிரச்சினைக்குப் பிடி கிடைப்பது மாநிலச் சட்டத்தில்தான்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் சாதி மத வெறியும் குடியிருக்கும் இடம் என்று சாடினார். உறுப்பினர்கள் பலர் கொதித்தார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி, தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்பட்டு, பஞ்சாயத்து 40-ஆவது பிரிவாக உள்ளே வந்தது. வந்தாலும், எந்தக் கோர்ட்டாலும் கட்டாயப்படுத்த முடியாத வழிகாட்டு நெறிகளில்தான் அதற்கு இடம் கிடைத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் பஞ்சாயத்துத் தேர்தல் அந்தந்த அரசின் இஷ்டமாகவே இருந்தது. 1993 ஏப்ரல் 24-இல் 73-ஆவது திருத்தம் அமலுக்கு வந்த பிறகே ஐந்து வருஷப் பதவிக்காலம், கட்டாயத் தேர்தல், கிராம சபை எல்லாம் உறுதியாயின. லயத்து வீட்டுப் பட்டியலை நாலு பேர் உட்கார்ந்து எழுதிவிடுகிறார்கள் என்று கேட்கும்போது, அம்பேத்கரின் பயம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 243-ஆவது பிரிவின்படி கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும்தான். யாரும் உங்களை அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, நீக்கவும் முடியாது. 1994-ஆம் வருஷத்துக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் வார்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை வைத்திருக்கிறது. கூட்ட வேண்டிய கன்வீனர் வார்டு மெம்பர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டியாக வேண்டும். உங்கள் அக்கா ஊர் மாதிரி மே 1, ஆகஸ்ட் 15 என்று நாள் குறித்துச் சொல்வது தமிழ்நாட்டு ஏற்பாடு. இங்கே அந்தத் தேதிகளைக் காட்டி வாதாடினால் எடுபடாது. பயனாளிகளை முன்னுரிமை வரிசைப்படி பட்டியலிடுவதும் இந்தச் சட்டப்படி சபையின் வேலை. தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறிய மெம்பர் 35-ஆவது பிரிவின்படி பதவிக்கே தகுதியிழப்பார். அதை முடிவு செய்வது மாநிலத் தேர்தல் ஆணையம். அந்த வார்டு வாக்காளர் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம்.

ஆனால் மனுப் போட்ட அன்றைக்கே எதிர்த்தரப்பு மினிட்ஸைக் காட்டும். அதனால் முதல் வேலை அதன் நகலையும் வருகைக் கையெழுத்துப் பக்கங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குவது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். இந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். அந்தச் சட்டம் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. மொழியைக் காட்டி ஒரு மாதத்தைக் கடத்த வழிவிடாதீர்கள்.

குறை சொல்லும் மனு வேறு. அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. திருப்பிவிட்டது தப்பு. அதே தமிழ் மனுவைப் பதிவுத் தபாலில் பஞ்சாயத்து செக்ரட்டரிக்கும் கலெக்டருக்கும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே பதில் வேண்டும் என்பதற்கு 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களைச் சொல்கிறது. பஞ்சாயத்து அதில் அடங்காது என்று வாதம் வரலாம், தயாராக இருங்கள். 2021-இல் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சட்டசபையில் தமிழில் பதவியேற்று, பிறகு மறுபடி ஏற்க வேண்டி வந்தது நினைவிருக்கும். அங்கே சிக்கல் உறுதிமொழி வாசகத்தில், தமிழில் அல்ல.

அப்புறம், வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் எழுதிக் கேட்டால் மெம்பர் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். ஆயிரம் ஓட்டு இருந்தால் நூறு கையெழுத்து. என்ன பேசப் போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: பயனாளிகள் பட்டியலை மறுபரிசீலனை செய்வது. மினிட்ஸ் நகலுக்குக் காத்திராமல் இதை இந்த வாரமே ஆரம்பிக்கலாம். கொடுத்த பிறகும் கூட்டாவிட்டால் அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி. பட்டியலில் மோசடி இருந்தால் உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

ஹைகோர்ட்? அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் போகலாம்தான். ஆனால் கொச்சிக்குப் பஸ் ஏறிப் போய் நின்றால், சட்டத்தில் சொன்ன அதிகாரியிடம் முறையிட்டாயா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கையில் ரசீதுகள் சேர்ந்த பிறகு போங்கள்.

மினிட்ஸ் நகல் வந்ததும், கூட்டத்துக்குப் போகாத உங்கள் ஆட்களின் கையெழுத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகலில் பேனா வைத்து வட்டம் போடாதீர்கள், அந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு உள்ளூர் வக்கீலிடம் போய்க் காட்டுங்கள். போலீஸ் புகாரா, தேர்தல் ஆணையமா, எது முதலில் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.